அந்த ராட்சதனுக்குப் பெயர் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் அறிவியல் புனைகதை பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ் நாளிதழில் இதற்கு ஒரு பக்கம் கிடைப்பதே பெரிய விஷயம், அதற்கு நன்றி. கூடவே ஒரு படமும் இருந்தது. தட்டையான மண்டை, பச்சைத் தோல், கழுத்தில் இரண்டு பக்கமும் போல்ட். கீழே ‘பிராங்கன்ஸ்டைன்’ என்று அச்சாகியிருந்தது. ஐயா, பிராங்கன்ஸ்டைன் என்பது அவனைச் செய்தவனுடைய பெயர். விக்டர் பிராங்கன்ஸ்டைன். செய்யப்பட்டவனுக்குப் பெயரே கிடையாது. போல்ட்டும் தட்டை மண்டையும் 1931இல் வந்த சினிமாவுக்காக மேக்கப்காரர் ஒட்டிவைத்தவை. மேரி ஷெல்லி எழுதிய ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலில் வருபவன் எட்டடி உயரம், மஞ்சள் தோல், வழவழவென்று கறுப்பு முடி, முத்து மாதிரி வெள்ளைப் பல்.

இவ்வளவுதான் என்றால் ஒரு அஞ்சலட்டையில் முடித்திருப்பேன். ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில், இந்த மாதிரிக் கதைகளில் எந்திரத்துக்கும் ராக்கெட்டுக்கும்தான் வேலை, மனசுக்கு வேலையில்லை, பிள்ளைகள் ஒரு வயதில் படித்துவிட்டு விட்டுவிட வேண்டியது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அங்கேதான் எனக்கு அஞ்சலட்டை போதாமல் போய்விட்டது. நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மேலே உள்ள பெயர் விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் கிளை நூலகத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொல்கிறேன். பெரும்பாலும் இந்த வகைக் கதைதான். இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்த தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். பிள்ளைகள் நடுநடுவே கேள்வி கேட்டு மடக்குவார்கள். இந்தக் கடிதத்தில் உருப்படியாக ஏதாவது இருந்தால் அதில் பாதி அவர்களுடையது.

முதலில் அந்தப் பெயரில்லாதவன் கதை.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கியது வானத்தில் போய்ப் படர்ந்ததில் அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜூன் மாதத்தில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் மழைக்கு அடைபட்டுக் கிடந்தது ஒரு சின்னக் கூட்டம். பொழுது போகாமல், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான் நாவலை எழுதிய மேரி, அவருக்கு அப்போது 18 வயது. பிள்ளைகளுக்கு இந்த எரிமலை சமாசாரம் ரொம்பப் பிடிக்கும், நானும் அதை ஊதி ஊதிச் சொல்வேன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மேரி பிறந்த சில நாட்களிலேயே அவருடைய அம்மா இறந்துவிட்டார். 1815இல் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து அதுவும் தங்கவில்லை. குழந்தை சாகவில்லை, சில்லிட்டுத்தான் போயிருந்தது, நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது என்று ஒரு கனவு கண்டு, அதை டயரியில் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஜூன் மாதம் ஜெனீவாவில் அவரிடம் ஐந்து மாதத்தில் இன்னொரு கைக்குழந்தை. இப்படிப்பட்ட ஒரு பெண் எழுதிய கதையைத்தான் நாம் போல்ட் வைத்த பூதத்தின் கதையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1818 ஜனவரி 1 அன்று அது வெளிவந்தபோது அச்சடித்தது 500 பிரதிதான், அதில் எழுதியவர் பெயரும் இல்லை.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். நவம்பர் மாதம். ராத்திரி ஒரு மணி. ஜன்னல் கண்ணாடியில் மழை, மெழுகுவர்த்தி அணையப்போகிறது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் சோறு தண்ணி இல்லாமல் உழைத்த விக்டர் முன்னால் அந்த உடம்பு கண் திறக்கிறது. அதற்கு முன்னால் அவன் போட்ட கணக்கையெல்லாம் படித்தால் சிரிப்பு வரும். ஒரு புது இனமே தன்னைப் படைத்தவன் என்று வாழ்த்துமாம், எந்தத் தகப்பனுக்கும் தன் பிள்ளைகளிடம் கிடைக்காத நன்றி தனக்குக் கிடைக்குமாம். எல்லாம் யோசித்தவன், எழுந்து உட்காரப்போகிறவன் என்ன சாப்பிடுவான், எங்கே படுப்பான், அவனுக்குக் குளிருமா என்று ஒரு வரி யோசிக்கவில்லை. ஒரு பாய்கூட எடுத்துவைக்கவில்லை. கண் திறந்ததைப் பார்த்ததும் அருவருத்துப்போய்ப் படுக்கையறைக்கு ஓடுகிறான். தூங்கி, கெட்ட கனவு கண்டு, திடுக்கிட்டு விழித்தால் அது கட்டிலின் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவனையே பார்க்கிறது. வாயைத் திறந்து ஏதோ முனகுகிறது, கன்னம் சுருங்கச் சிரிக்கிறது, ஒரு கையை நீட்டுகிறது. இவன் மாடிப்படி இறங்கி ஓடி, விடியும்வரை முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறான்.

இதைச் சொல்லி முடித்தபோது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: “சார், அது சிரிச்சுதுல்ல? எங்க அக்கா பாப்பாகூட அப்படித்தான் கையை நீட்டும். இவர் ஏன் சார் ஓடினார்?”

எவ்வளவோ பேர் இந்த நாவலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், மனிதன் கடவுள் ஆக ஆசைப்படக் கூடாது என்பதுதான் இதன் சாரம் என்று நானும் பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கேட்ட பிறகு மறுபடி படித்தேன். உயிர் கொடுத்தது அவ்வளவு பெரிய குற்றமாகத் தெரியவில்லை. கொடுத்துவிட்டு ஓடினானே, அதுதான். திமிர் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசுவது என்று நினைக்கிறோம். செய்ததை முடித்ததும் தன் வேலை தீர்ந்தது, பார்த்துக்கொள்வது வேறு யாரோ செய்ய வேண்டியது என்று நினைப்பதும் திமிர்தான். இந்த வகையை வீட்டிலும் ஆபீஸிலும் தினமும் பார்க்கலாம், நெஞ்சு நிமிர்த்தாமலே இருக்கும்.

விட்டுவிட்டுப்போன அந்த ஜீவன் என்ன செய்கிறது பாருங்கள். காட்டோரத்தில் ஒரு ஏழைக் குடும்பம். கண் தெரியாத கிழவர், மகன், மகள். அவர்கள் வீட்டை ஒட்டின கொட்டிலில் ஒளிந்துகொண்டு சுவர் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்துப் பேச்சைக் கற்றுக்கொள்கிறது. ராத்திரியில் அவர்கள் சாப்பாட்டில் கொஞ்சம் திருடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கே போதவில்லை, சின்னவர்கள் தங்கள் பங்கையும் கிழவருக்கு வைத்துவிட்டுப் பட்டினி கிடக்கிறார்கள் என்று தெரிந்த அன்றோடு திருட்டை நிறுத்திவிட்டுக் காட்டில் கிடைக்கும் பழத்தையும் கிழங்கையும் தின்னப் பழகுகிறது. அப்புறம் ராத்திரியில் அவர்கள் கோடாலியை எடுத்துக்கொண்டு போய் விறகு வெட்டிவந்து வாசலில் போட்டுவைக்கிறது. காலையில் கதவைத் திறந்த பெண் விறகுக் குவியலைப் பார்த்துத் திகைத்து நிற்கிறாள். யாரும் அதற்கு நீதிபோதனை வகுப்பு எடுக்கவில்லை. அடுத்தவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்கத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பிற்பாடு அதே ஜீவன் ஒரு குழந்தையைக் கொல்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் படித்தவன், பட்டணத்துக்குப் போய் விஞ்ஞானம் கற்றவன் ஒரு தடவைகூடச் செய்யாததை, மூன்று பேருக்கு விறகு வெட்டிப்போடுவதை, அது செய்தது.

நம் சினிமாவில் ஒரு நம்பிக்கை உண்டு. அடி விழுந்தால் திமிர் அடங்கும். வில்லன் கடைசி ரீலில் சேற்றில் விழுவான், பணக்காரப் பெண் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவாள், உடனே இரண்டு பேரும் திருந்திவிடுவார்கள். விக்டருக்கு விழாத அடியா? தம்பி போனான், நண்பன் போனான், கல்யாண ராத்திரியில் மனைவி போனாள், அந்தத் துக்கத்தில் அப்பா போனார். வட துருவப் பனியில் ஒரு கப்பலில் சாகக் கிடக்கிறான். கப்பலைச் சுற்றிப் பனிக்கட்டி, மாலுமிகள் வழி கிடைத்தால் திரும்பிவிடலாம் என்று கேப்டனிடம் கெஞ்சுகிறார்கள். இவன் எழுந்து உட்கார்ந்து அவர்களைப் பார்த்து, வெட்கமாயில்லையா, வீரர்களாக இருங்கள் என்று ஒரு சொற்பொழிவு! சாகும்போது கடைசிப் பேச்சிலும், பேராசை வேண்டாம் என்று ஆரம்பித்தவன், நான் தோற்றேன் சரி, வேறொருவன் ஜெயிக்கலாமே என்றுதான் முடிக்கிறான். அவ்வளவு அடி வாங்கியும் கரையவில்லை. திரும்புகிறவர் கேப்டன் வால்டன். அவருக்கும் துருவத்தைப் பார்க்க வேண்டும் என்ற வெறி இருந்தது, திரும்பும்போதும் மனக்கசப்போடுதான் திரும்புகிறார். ஆனாலும் இஷ்டமில்லாத ஆட்களை ஆபத்துக்குள் இழுத்துக்கொண்டு போக முடியாது என்று திருப்புகிறார். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் உயிரோடு வீடு போய்ச் சேர ஒரு வாய்ப்பு கிடைத்தது. நாவலில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இந்த வால்டன்தான், அவரைப் பற்றி யாரும் படம் போடுவதில்லை.

பிள்ளைகள் இதை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அயர்ன் மேன் அடிபட்ட பிறகுதானே சார் நல்லவன் ஆனான் என்றான் ஒருவன். 2008இல் வந்த படம், எல்லாப் பையன்களுக்கும் மனப்பாடம். சரி, குகையில் அவனைப் பிழைக்கவைத்தது யார் என்று கேட்டேன். அவனோடு அடைபட்டிருந்த இன்னொரு கைதி, மருத்துவர், குண்டுத் துகள் இதயத்துக்குப் போய்விடாமல் இருக்க நெஞ்சில் ஒரு மின்காந்தத்தைப் பதித்துக் கார் பேட்டரியோடு இணைத்தவர். அதைச் சொன்னதும் பேச்சு மின்காந்தத்துக்குப் போய்விட்டது, அது நடக்குமா நடக்காதா என்று அரைமணி நேரம் போனது. என் தொழில் தோஷம். இன்னொரு பையன் அன்றைக்கு ஒரு நல்ல விஷயம் சொன்னான்: “எந்திரன்ல வசீகரனும் இப்படித்தானே சார், சிட்டி சொன்ன பேச்சு கேக்கலைன்னதும் வெட்டித் துண்டு துண்டாக்கிக் குப்பையில போட்டுருவாரே.” நான் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் ஜெனீவாவிலிருந்து குப்பைமேட்டுக்கு வரும் இந்த நேர்கோடு என் கண்ணில் பட்டதில்லை.

அடுத்தது ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’. டேனியல் கீஸ் எழுதியது. 1959இல் சிறுகதையாக வந்து, 1966இல் நாவலாக விரிந்தது. சார்லி என்று ஒருவன், வயது முப்பதைத் தாண்டியாகிவிட்டது, குழந்தையின் புத்தி. நாவலில் பேக்கரியில் எடுபிடி வேலை. மூளையில் ஓர் அறுவைச் சிகிச்சை செய்து அவனை மேதையாக்குகிறார்கள். அவனுக்கு முன்னால் அதே சிகிச்சை செய்துகொண்டது அல்ஜெர்னான் என்கிற எலி. கதை முழுக்க சார்லி எழுதும் அறிக்கைகள். முதலில் எழுத்துப்பிழையாக எழுதுவான், பிறகு பிழை குறையும், பிறகு பேராசிரியர்களையே மட்டம்தட்டும் பாஷை வரும். தன்னை மனிதனாக மதிக்காமல் சோதனைப் பிராணியாகப் பார்க்கிறார்கள் என்று அவர்கள்மேல் கோபப்படுவான். அது நியாயமான கோபம்தான். ஆனால் அதற்குள் அவனுக்கே பொறுமை போய்விட்டது, பக்கத்தில் யாராலும் உட்கார முடியவில்லை.

அப்புறம் அந்த உணவகம். தட்டு கழுவும் பையன் ஒருவன் கை தவறித் தட்டுகளைப் போட்டு உடைக்கிறான். சாப்பிடுகிறவர்கள் கேலி செய்கிறார்கள், முதலாளி கத்துகிறார். பையனுக்கு என்ன கேலி என்று புரியவில்லை, ஆனாலும் எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவனும் நிச்சயமில்லாமல் ஒரு சிரிப்பு சிரிக்கிறான். சார்லியும் சிரித்துக்கொண்டிருக்கிறான். சட்டென்று புரிகிறது, அந்தப் பையன் தான்தான் என்று. பேக்கரியில் எல்லாரும் இவனை வைத்துச் சிரித்தபோது, நண்பர்கள் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இவனும் கூடச் சிரித்தவன். எழுந்து நின்று, அவனை விடுங்கள், அவனும் மனுஷன்தான் என்று கத்துகிறான்.

இந்த இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறும். காரணத்தை அவர்களிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். என் வகுப்பில் பிளஸ் ஒன் படித்த ஒரு பையனுக்கு நான் ‘டியூப்லைட்’ என்று பேர் வைத்தேன். சுவிட்ச் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எரிவான் என்று விளக்கம் வேறு. ஸ்டார்டர், சோக் எல்லாம் சொல்லி அதையே ஒரு பாடமாக நடத்தினேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அவனும் சிரித்தானே, அதனால் அவனுக்கு வருத்தமில்லை என்று இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், நான் தேடவில்லை.

கீஸும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான வகுப்பில் ஒரு மாணவன் வந்து, நான் நல்லா முயற்சி பண்ணிப் புத்திசாலி ஆகிட்டா என்னைச் சாதாரண வகுப்புக்கு மாத்துவீங்களா என்று கேட்டானாம். அதுவும் இந்தக் கதைக்கு ஒரு விதை. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கதை எழுதினார். அதே மாதிரி பையனுக்கு நான் பேர் வைத்தேன்.

அல்ஜெர்னான் முதலில் தடுமாறுகிறது, பிறகு சாகிறது. தனக்கும் அதேதான் என்று கண்டுபிடிப்பவனும் சார்லியே. கையில் இருக்கும் கொஞ்ச நாள் புத்தியை, இந்தச் சிகிச்சை ஏன் நிற்காது என்று கண்டுபிடிப்பதில் செலவழிக்கிறான், அடுத்து யாரும் இதில் மாட்டக் கூடாது என்று. நாவலில் இன்னொரு இடம், தான் கடைசியில் போய்ச் சேரவேண்டியிருக்கும் காப்பகத்தைப் போய்ப் பார்க்கிறான். வளர்ந்த ஆட்களை மடியில் வைத்துப் பால் புகட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், மேலெல்லாம் அசிங்கமாகும் என்று தெரிந்தே செய்கிறவர்கள். மேதை சார்லிக்கு அவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை. கதை கடைசியில் மறுபடி எழுத்துப்பிழைகளோடு முடிகிறது. அவன் கேட்பது ஒன்றுதான், முடிந்தால் கொல்லைப்புறத்தில் இருக்கும் அல்ஜெர்னானின் குழியில் கொஞ்சம் பூ வையுங்கள் என்று. முடிவை மாற்றி, சார்லி மேதையாகவே இருக்கட்டும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது கீஸ் மறுத்துவிட்டாராம். உங்கள் தொழிலைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள்.

ஒரு வீட்டு விஷயம் சொல்லாமல் அடுத்த கதைக்குப் போக முடியாது. சில வருஷத்துக்கு முன்னால் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் உதவிக்கு ஒரு அம்மாள் வந்தார், எட்டாம் வகுப்போடு நின்றவர். முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பழைய நூல் புடவையை நாலாக மடித்து நோயாளியின் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்துவிட்டு, ஒரு பக்க ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து இழுத்தால் ஆள் வலிக்காமல் புரள்வார். நான் உடனே, ஆமாமா, இது நெம்புகோல் தத்துவம், விசை செயல்படும் தூரம் கூடினால் திருப்புத்திறன் கூடும் என்று ஆரம்பித்துவிட்டேன். அம்மாவின் முதுகு திறந்து கிடக்கிறது, மேலே ஃபேன் ஓடுகிறது. அவர் புடவையைப் பிடித்த கையை விடாமலே சொன்னார்: “சார், நீங்க சொல்லிக்கிட்டே இருக்கீங்க. பாட்டிக்குக் குளிருது, அந்தத் துண்டைப் போடுங்க.”

துண்டைப் போட்டேன். அன்றோடு என் மண்டைக்கனம் ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன், மறுநாள் இரத்த ஓட்டத்தைப் பற்றி ஏதோ விளக்கினேன். மூன்றாவது வாரம் வாக்கில் ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே கண் தானாக விழித்தது. அப்போதெல்லாம் பேச ஆள் இல்லை, பேசவும் தோன்றவில்லை. புடவையைச் சுருட்டி இழுப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது, வேகமாக இழுத்தால் முனகுவார், மெதுவாக இழுத்தாலும் முனகுவார்.

இதற்குப் பிறகுதான் உர்சுலா லெ குவின் எழுதிய ‘த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ எனக்குப் பிடிபட்டது. 1969இல் வந்தது. அதற்கு முன் இரண்டு தடவை தொடங்கிப் பாதியில் வைத்தவன் நான். கெதென் என்கிற உறைபனிக் கிரகத்துக்கு ஜென்லி ஆய் என்ற தூதர் தனியாக வருகிறார். அங்கே நிரந்தரமாக ஆண், பெண் என்று கிடையாது, மாதத்தில் சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவார்கள். ஆய் பண்பானவர்தான், கத்த மாட்டார், அதட்ட மாட்டார். ஆனால் உள்ளுக்குள் ஒரு மேட்டிமை இருக்கிறது. தனக்கு உதவி செய்ய முயலும் எஸ்ட்ராவனை நம்பவே மாட்டார், அவரிடம் பெண்தன்மை தெரியும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு படி கீழே இறக்கிவைப்பார். அந்த ஊரில் கௌரவத்துக்கு ஒரு சொல் இருக்கிறது, அது ‘நிழல்’ என்ற பழைய சொல்லிலிருந்து வந்ததாம். எனக்கு ரொம்ப யோசிக்கவைத்த சமாசாரம் அது, வெயிலில் போகிற எவனும் தன் நிழலை யாரும் மிதித்துவிடாமல் காப்பாற்ற முடியாது.

கடைசியில் சிறை முகாமில் அரை உயிராகக் கிடக்கும் ஆயை எஸ்ட்ராவன்தான் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றுகிறார். தப்பிக்க ஒரே வழி பனிப்பாளத்தைக் குறுக்கே கடப்பது. 80 நாளுக்கு மேல் இரண்டு பேரும் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பிடித்த இடம் கிளம்பின புதிதில் வருகிறது. இன்னும் தேறாத ஆயைப் பார்த்து எஸ்ட்ராவன், இன்றைக்குப் போதும், படுத்துக்கொள் என்கிறார். ஆய்க்குச் சுருக்கென்று கோபம். எஸ்ட்ராவன் தன்னைவிடக் குள்ளம், தனக்கு உத்தரவு போடுவதா என்று. பிறகுதான் தெரிகிறது, மற்றவருக்கு இதில் மட்டம்தட்டும் எண்ணமே இல்லை. நோயாளி படுக்க வேண்டும், வண்டியை இரண்டு பேர் இழுக்க வேண்டும், சாப்பாடு இத்தனை நாளைக்குத்தான் இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் ஆயின் ஆம்பிளை வீறாப்புக்கு எடை மட்டும் இருந்தது, உபயோகம் இல்லை. ராத்திரி கூடாரத்துக்குள் அடுப்பு, சூடான பானம், ஈரத்துணி உலர்த்துவது, மறுநாள் எத்தனை மைல் என்று கணக்கு. ராக்கெட் இல்லை, துப்பாக்கிச் சண்டை இல்லை, கிட்டத்தட்ட சமையல்கட்டு. இங்கேதான் உங்கள் கட்டுரையாளர் புத்தகத்தை மூடியிருப்பார் என்று சந்தேகப்படுகிறேன், ஏனென்றால் நானும் அங்கேதான் மூடினேன்.

கடைசிப் பக்கங்களில் எஸ்ட்ராவன் இறந்துபோன பிறகு அவருடைய வீட்டாரைப் பார்க்கப் போகிறார் ஆய். வயதான தகப்பனும் எஸ்ட்ராவனின் இளவயதுப் பிள்ளையும் இருக்கிறார்கள். பனிப்பாளத்தை எப்படிக் கடந்தீர்கள், அவர் எப்படிச் செத்தார், மற்ற உலகங்களில் யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை கேட்கிறது. ஒரு கிரகத்தையே தன் கூட்டமைப்பில் சேர்க்க வந்த தூதருக்குக் கடைசியில் கிடைத்த வேலை, துக்கவீட்டில் ஒரு பிள்ளைக்குப் பதில் சொல்வது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு கோரிக்கை. சனிக்கிழமை தோறும் வரும் சிறுவர் பக்கத்தில் அல்ஜெர்னான் கதையின் சிறுகதை வடிவத்தை, முறைப்படி உரிமை வாங்கி, நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு தொடராகப் போடுங்கள். நூலகத்தில் நான் சொல்வது எட்டுப் பேருக்குத்தான் கேட்கிறது. அப்படிப் போட்டால் ஒரு சின்ன எச்சரிக்கை. நான் பிள்ளைகளுக்காக முதல் பக்கத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தபோது சார்லி ‘முண்ணேற்ற அரிக்கை’ என்றுதான் ஆரம்பித்தான், ழ வரவேண்டிய இடத்திலெல்லாம் ல போட்டான், ஒற்று ஒன்றுகூட வைக்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் மெய்ப்பு பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், முதலிலும் கடைசியிலும் இருக்கும் பிழைகளை அவர் திருத்திவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்